பிரம்பனான் பிள்ளையாரும் மலரின் முழங்காலும்

சென்ற வாரம் நான் யோக்யகர்த்தாவில்! ஜாவாத் தீவில் இப்படி ஒரு ஊர் இருக்கிறதென்று ஏன் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை? விடுதி வாசலில் ஒருவர் துணியில் மெழுகால் பூ வரைகிறார். தெருமுனையில் தோற்பாவை விற்கிறார்கள். ஒன்றைத் தூக்கிப் பார்த்தால்... நம் அர்ச்சுனன்!

ஆனால் நாங்கள் போன காரணம் வேறு. மொன்ட்ரியாலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. முழங்கால் பழுதாகி, என் மனைவி மலர் ஒரு முழுக் குளிர்காலம் படியிறங்கவில்லை. படுக்கையில் கிடந்தபடி போனில் பார்த்த கோயில்தான், யோக்யகர்த்தாவுக்கு அருகிலிருக்கும் பிரம்பனான். ஒபரேஷனுக்கு முதல்நாள் நேர்த்தி வைத்தாள் — கால் சரிவந்தால் அந்தப் படியேறி, அங்கேயிருக்கும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பதாக. மொன்ட்ரியாலில் பிள்ளையார் இல்லையா என்று கேட்டேன். முறைத்தாள்.

கோபுரங்களைக் கண்டதும் நான் வாயைப் பிளந்தேன். மலர் செருப்பைக் கழற்றினாள். கோயில் அல்லவா? நானும் கழற்றினேன். நண்பகல் வெயிலில் கருங்கல்! நாங்கள் துள்ளிய துள்ளலில், சப்பாத்துப் போட்டவர்களெல்லாம் விலகி வழிவிட்டார்கள்.

செங்குத்தான படி. பயத்தோடு பின்னால் போனேன். ஏறிவிட்டாள்! உள்ளே இருட்டில் பிள்ளையார் — விளக்கில்லை, பூவில்லை, ஆனால் அதே தொந்தி. மலருக்குக் கண் நிறைந்துவிட்டது. பையிலிருந்து தேங்காயை எடுத்தாள்.

காவலாளி ஓடிவந்தார். "சாரி மேடம், இங்கே உடைக்கக் கூடாது. பழைய கல்."

இவ்வளவு தூரம் வந்தது இதற்கா?

"வெளியில உடைப்பம், மலர்."

"அவருக்கு முன்னாலயெண்டுதானே நேந்தனான்!"

ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு தேங்காயைக் காவலாளியின் கையிலேயே கொடுத்தாள். "இதைக் கொஞ்சம் பிடியுங்கோ." சுத்தத் தமிழில்தான். அவரும் வாங்கிக்கொண்டார்.

"தேங்காய்க்குத்தானே தடை? காதைப் பிடிக்க ஆரிட்டக் கேக்கவேணும்?" கையை மாற்றிக் காதைப் பிடித்தாள்.

தோப்புக்கரணம்! அரைவாசிதான் குந்தினாள். ஆனால் அந்த முழங்கால் மடங்கியதே! காவலாளி, தேங்காயும் கையுமாக, தன் மொழியில் எண்ணத் தொடங்கினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நானும் காதைப் பிடித்துக்கொண்டு சேர்ந்தேன்.

மூன்றாவதில் குந்தியவன் குந்தியவன்தான்.

"என்னப்பா, எழும்பேலாதோ?"

கைபிடித்து என்னைப் படியிறக்கியவள் மலர். இப்போது என் முழங்காலுக்கு ஒரு நேர்த்தி வைத்திருக்கிறாள் — கோயில் கம்போடியாவிலாம்!