சாருஜா ரீச்சரும் பஸ் ஏறாத ஆனையும்

காலை ஒன்பது மணிக்கு மேல் வெள்ளவத்தையில் அந்த ஒழுங்கையால் நடந்து போனால், ஒரு மேல்மாடியிலிருந்து ஆனை பிளிறுவது கேட்கும். புதிதாகக் குடிவந்தவர்கள் திடுக்கிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். கீழே மரக்கறி விற்கும் றவூப் நானா மட்டும் தலையை உயர்த்தவே மாட்டார். "அது ஆனையில்ல, சாருஜா டீச்சர்" என்று சொல்லிவிட்டு வெண்டிக்காயை நிறுப்பார்.

சாருஜாவுக்கு அப்படியொரு தொண்டை. படிப்பு முடிந்த கையோடு ஓர் அலுவலகத்தில் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் வேலைக்குப் போனாள். அவள் பேசுவதற்குத் தொலைபேசியே தேவையில்லை, யன்னலைத் திறந்தால் போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கிருலப்பனை வீட்டில் அம்மாவுக்கு இதே கவலைதான்.

"இப்பிடிக் கத்திற பொம்பிளையை ஆரடி கட்டப்போயினம்?"

"ஆனை கட்டும் அம்மா" என்பாள் சாருஜா, பிட்டை வாயில் அடைத்தபடி.

கடைசியில் அந்தத் தொண்டைக்கு மரியாதை கிடைத்தது அருந்ததி ரீச்சர் மேல்மாடியில் நடத்திய நேசறியில், அந்தப் பாலர் பள்ளியில்தான். அங்கே பாயில் குந்தியிருந்த வாண்டுகளுக்குச் சொல்ல, சாருஜா தானே படம் வரைந்து, மட்டைகளை நைலோன் கயிற்றால் கட்டி ஒரு புத்தகம் செய்தாள். பெரியதம்பி என்றொரு ஆனை வெள்ளவத்தையில் பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போக நினைக்கிறது. ஏறினால் தும்பிக்கை முன்கதவாலும் வால் பின்கதவாலும் வெளியே நிற்கிறது. கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன! முன்னுக்குப் போங்கோ!" என்று இரண்டு மொழியிலும் கத்துகிறான். பெரியதம்பி எங்கே போவார் பாவம்? முன்னுக்குப் போனால் டிரைவரின் மடி.

ஹோர்ன் அடிப்பதும் கொண்டக்டராய்க் கத்துவதும் பிள்ளைகளின் வேலை. பிளிறுவது மட்டும் ரீச்சர். கதை முடிந்ததும் தட்டில் கோதுமை மாவைப் பரப்பி, விரலால் 'அ' எழுதுவார்கள். அதற்கு ஒரு தும்பிக்கையை இழுத்துவிட்டால் ஆனைக்கு 'ஆ'. எழுதிய மாவைச் சும்மா கொட்டக்கூடாது, பெரியதம்பியின் வாயில் தீத்தவேண்டும் என்பது சட்டம். அதற்கென்றே ஃபிரிட்ஜ் வந்த காட்போட் பெட்டியில் வாயை வெட்டி ஓர் ஆனை செய்து மூலையில் வைத்திருந்தாள். அதன் வயிறு எப்போதும் மாவாய்த்தான் இருக்கும்.

அபிஷன் என்ற பொடியன் நேசறிக்கு வந்த புதிதில் வாயே திறக்கவில்லை. கூப்பிட்டால் மேசைக்கு அடியில் போய்விடுவான். ஒருநாள் பெரியதம்பி பஸ்ஸில் சிக்கிய பக்கம் வந்தபோது, மேசைக்கு அடியிலிருந்து "பாம்ம்ம்!" என்று ஒரு ஹோர்ன் சத்தம் வந்தது. சாருஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க இன்னும் பலமாகப் பிளிறினாள்.

ஆனால் அபிஷனின் அப்பா பிரியந்தனுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. வங்கியில் வேலை, கழுத்தில் எப்போதும் ரை. நேரே அருந்ததி ரீச்சரிடம் வந்துவிட்டார்.

"பக்கத்து ஒழுங்கை நேசறிப் பிள்ளையள் கொப்பி முடிய எழுதுதுகள். என்ர மகன் வீட்டை வந்து ஹோர்ன் அடிக்கிறான்! ஒரு எழுத்துத் தெரியுமோ அவனுக்கு? இப்பிடியே போனால் நான் அவனை நிப்பாட்டிப்போடுவன்."

ஒருவர் நிறுத்தினால் பின்னால் நாலுபேர் நிறுத்துவார்கள். அருந்ததி ரீச்சர் புள்ளிக்கோட்டின்மேல் எழுத்தெழுதும் கொப்பிகளைக் கட்டுக்கட்டாய் வாங்கி மேசையில் அடுக்கிவிட்டார்.

"இஞ்சை பாரும் சாருஜா. விஜயதசமிக்கு ஐயர் வந்து ஏடு தொடக்குவார், தாய் தேப்பன் எல்லாரும் இருப்பினம். பிள்ளையள் ஒழுங்கா இருந்து எழுதினால் சரி. இல்லையெண்டால் ஆனை குப்பைக்கு, கொப்பி மேசைக்கு."

சாருஜா தலையாட்டினாள். பெரியதம்பி போனால் அபிஷன் திரும்ப மேசைக்கு அடியில் போய்விடுவானே என்ற பயம் அவளைத் தின்றது.

விஜயதசமியும் வந்தது. சரஸ்வதி படத்துக்கு மாலை, பக்கத்தில் பெரிய பிள்ளையார் சிலை, கடலை, அவல், பெற்றோர் எல்லாரும் பட்டும் வேட்டியும். அருந்ததி ரீச்சர் காதுக்குள் சொன்னார்: "ஐயர் வாற நேரம் உந்தக் காட்போட் மிருகத்தை ஸ்ரோர் ரூமுக்குள்ளை மறைச்சு வையும்."

மறைத்தாள். அங்கேதான் வினை பிடித்தது.

ஐயர் அபிஷனை மடியில் இருத்தி, விரலைப் பிடித்துத் தட்டு அரிசியில் 'அ' எழுதினார். பிள்ளை அழவில்லை, ஓடவில்லை. பிரியந்தன் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். சாருஜா மூச்சு விட்டாள். ஐயர் கையை எடுக்கப்போக, பொடியன் விடவில்லை. ஐயரின் விரலை இறுகப் பிடித்தான்.

"இன்னும் தும்பிக்கை போடேல்லை ஐயா!"

ஐயரின் விரலையும் சேர்த்து இழுத்து ஒரு தும்பிக்கையைப் போட்டான். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தான்.

"ரீச்சர், பெரியதம்பி எங்கை?"

சாருஜா முகட்டைப் பார்த்தாள். அபிஷனின் கண் பிள்ளையாரில் போய் நின்றது. தும்பிக்கை, தொந்தி, எல்லாம் சரி. முகம் பூரித்துப்போனது.

"அங்கை இருக்கிறார்! மாலை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்!"

தடுப்பதற்குள் தட்டோடு ஓடி, "இஸ்ஸரஹட்ட யன்ன!" என்று பெற்றோரை விலக்கி, அரிசியை அப்படியே பிள்ளையாரின் வாயில் தீத்தினான். வாயில் போனது கொஞ்சம், தொந்தியில் வழிந்தது மிச்சம். "எனக்கும்! எனக்கும்!" என்று இன்னொரு வாண்டு மிதுனா, மூலையில் இருந்த அரிசிச் சாக்குக்குள் கையை விட்டாள். பிறகு சொல்லவேண்டுமா! ஹோர்ன் என்ன, அரிசி என்ன, பிளிறல் என்ன! பட்டுச்சேலை மடிப்பெல்லாம் அரிசி. யாரோ ஒரு வாண்டு ஐயரிடம் டிக்கட் கேட்டது.

பிரியந்தன் முகம் சிவந்து எழும்பினார். "பாத்தீங்களோ அருந்ததி ரீச்சர்? இதுதான் படிப்போ?"

ஐயர் குடுமிக்குள்ளிருந்து அரிசியைத் தட்டியபடி சிரித்தார். "கோவிக்காதையும் தம்பி. பிள்ளையளின்ர விரலை நான்தான் பிடிச்சு இழுக்கிறனான். இண்டைக்கு உம்முடைய மகன் என்ர விரலை இழுத்து எழுதிப்போட்டான். பிள்ளையாருக்கும் குறையில்லை. அவிச்சுக் குடுத்திருந்தால் இன்னும் சந்தோசப்பட்டிருப்பார்."

பிரியந்தன் மகனைத் தூக்கிக்கொண்டு போனார். சாருஜா குந்தியிருந்து அரிசி பொறுக்கினாள். கண்ணீரும் கூடவே விழுந்தது.

மறுநாள் காலை, இனிக் கொப்பி கொடுக்கத்தானே போகிறோம் என்று மாடிப்படி ஏறினாள். உள்ளேயிருந்து ஏதோ ஆடு கத்துவதுபோல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பாயில், ரையோடு, சம்மணம் கொட்டியிருந்தார் பிரியந்தன். மடியில் பெரியதம்பி புத்தகம்.

"அங்கிள், உது ஹோர்ன் இல்லை, ஆடு" என்றாள் மிதுனா கண்டிப்பாக.

அவர் எழும்பினார், காது சிவந்திருந்தது. "ராத்திரி இந்தக் கதையைச் சொல்லெண்டு அழுதவன் ரீச்சர். சொன்னால், 'நீங்கள் சொல்லுறது பிழை அப்பா' எண்டு அதுக்கும் அழுதவன். எனக்கு ஹோர்ன் வருதில்லை. எப்பிடி அடிக்கிறது?"

சாருஜா சொல்லிக்கொடுத்தாள். வயிற்றிலிருந்து வரவேண்டும் என்றாள். அவர் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று புறப்பட, அபிஷன் கதவை மறித்தான்.

"டிக்கட் இல்லாமல் இறங்க ஏலாது!"

மேசைக் கொப்பியில் ஒரு தாளை டர்ரென்று கிழித்து, நாக்கைக் கடித்தபடி எழுதி நீட்டினான். புள்ளிக்கோட்டைச் சட்டையே செய்யாமல் தாள் முழுக்க ஒரு பெரிய 'ஆ'. தும்பிக்கை கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். பிரியந்தன் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆர் எழுதினது அப்பன்?"

"நான்தான். கெதியா இறங்குங்கோ, பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

அவர் டிக்கட்டை மடிக்காமல் சட்டைப் பைக்குள் வைத்தார். அருந்ததி ரீச்சர் கிழிந்த கொப்பியைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், ஸ்ரோர் ரூம் பூட்டின் திறப்பைச் சாருஜாவிடம் எறிந்தார். "போம், போய் உம்மடை ஆனையைக் கொண்டுவாரும்."

கீழே ஒழுங்கையில் றவூப் நானா வெண்டிக்காய் நிறுத்துக்கொண்டிருந்தார். மாடிப்படியில் "பாம்ம்ம்!" என்று வயிற்றிலிருந்து ஒரு ஹோர்ன் சத்தம் எழுந்தது. பழக்கதோசத்தில் "அது சாருஜா டீச்சர்" என்று சொல்ல வாயெடுத்தவர், ரை கட்டிய ஒரு மனிதர் படியிறங்கி வருவதைக் கண்டு தராசை அப்படியே விட்டுவிட்டார்.