கடலில் போன மூக்குக்கண்ணாடி

அத்தையைப் பட்டணம் சுற்றிப்பார்க்க அனுப்பியபோது துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். ஏழு வயதுக்காரி அவளுக்கு என்ன துணை என்று யாரும் கேட்கவில்லை. அப்பா ஈரோட்டில் ரயிலேற்றிவிட்டார். சென்னையில் வேலை பார்த்த சித்தப்பா எங்களை இறக்கிக்கொண்டார்.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் ஊர் தாராபுரத்துக்கு அவளைப் பெண் பார்க்க வந்தவர்களையெல்லாம் தட்டிக்கழித்துவிட்டாள். ஒருவருக்கு மீசை சரியில்லை. இன்னொருவர் காப்பியைச் சத்தமாக உறிஞ்சினார். அதனால் அவளிடம் சொல்லாமலே ஒரு மாப்பிள்ளையைக் காட்டிவிடுவது என்று சித்தப்பா முடிவுசெய்திருந்தார். எனக்கும் இதெல்லாம் தெரியாது.

முதல் நாள் உயிர்காலேஜையும் செத்தகாலேஜையும் பார்த்தோம். மிருகக்காட்சி சாலைக்கும் மியூசியத்துக்கும் அங்கே அதுதான் பெயர். பதினாலு மாடிக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்ததில் எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. மறுநாள் சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். அங்கே தற்செயலாக வந்ததுபோல் சித்தப்பாவின் சிநேகிதர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஆனைமலைக்காரர். தடித்த கண்ணாடி, தேய்த்த பேண்ட். எனக்குச் சுண்டல் வாங்கித் தந்தார். அத்தையிடம் மட்டும் பேச்சு வரவில்லை.

“ஊருல மழைங்களா?” என்றார் வெகுநேரம் கழித்து.

“இல்லீங்க” என்றாள் அத்தை.

அதோடு சரி. சித்தப்பா பரிதாபமாக அலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தை கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தபோது ஓர் அலை அவள் செருப்பு ஒன்றை உருவிக்கொண்டு போனது. அவள் ஐயோ என்பதற்குள் சிநேகிதர் பேண்டைக்கூட மடிக்காமல் ஓடினார். அடுத்த அலை அவரை அப்படியே கவிழ்த்துப்போட்டது. எழுந்து வந்தபோது கண்ணாடியைக் காணோம். கையில் செருப்பு இருந்தது.

“இந்தாங்க” என்று மரியாதையாக நீட்டினார்.

அது யாரோ ஓர் ஆம்பளையின் பழைய தோல் செருப்பு. அத்தை அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு மணலில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார்.

கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதிரில் இருப்பது தெரியவில்லை. பஸ் நிற்கும் இடம் வரை கையைப் பிடித்து நடத்திவரும் வேலை என்னுடையதாயிற்று. பாதி வழியில் குனிந்து, “அம்மணி, உங்க அத்தை இன்னும் சிரிக்கிறாங்களா?” என்று மெதுவாகக் கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். “ஆமாங்க.”

“அப்பச் செரி” என்றார். கண்ணாடியைத் தொலைத்தவருக்கு இவ்வளவு சந்தோஷம் எதற்கென்று புரியவில்லை.

வீட்டில் சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நாளைக்கும் கடலுக்குப் போலாங்களா?” என்று நான் கேட்டேன். அவர் காதில் விழவில்லை.

“நல்ல மனுசன் அம்மணி அவரு. இன்னைக்கு நேரஞ் செரியில்ல” என்றார் அத்தையிடம்.

“அவரு எதுக்கு வந்தாருன்னு சுண்டல் வாங்கயிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சுங்கண்ணா” என்றாள் அத்தை. தட்டைப் பார்த்தபடியே, “எனக்குச் சம்மதமுங்க” என்றாள்.

சித்தப்பா எச்சில் கையோடு எழுந்தேவிட்டார். கடலுக்குப் போகத்தான் சம்மதம் என்று நினைத்து நானும் குதித்தேன்.

மறுநாள் போகவும் போனோம். அவர் ஒரு பக்கக் காம்பை நூலால் கட்டிய பழைய கண்ணாடியோடு வந்திருந்தார். சித்தப்பா என்னைத் தூக்கிப்போய் ராட்டினத்தில் ஏற்றினார். இறங்கியதும் மறுபடி ஏற்றினார். கேட்காமலே மறுபடியும் ஏற்றினார். ஒவ்வொரு சுற்றிலும் அத்தையும் அவரும் தூரத்தில் மணலில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நான் கையாட்டி எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. பாவம், இரண்டு பேருக்கும் ராட்டினம் என்றால் பயம் என்று நினைத்துக்கொண்டேன்.