சுவருக்கு அந்தப் பக்கம் இழுத்த கை

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். எனக்கு நடந்தது. யாராவது பேய் என்று ஆரம்பித்தால் கிண்டல் பண்ணியே விரட்டிவிடுகிற ஆள் நான். 2004 அக்டோபர் வரைக்கும் அப்படித்தான் இருந்தேன்.

அப்போது பெங்களூர் ஆஸ்டின் டவுனில் வாடகைக்கு இருந்தோம். நான், மனைவி தீபிகா, நாலு வயது மகள் அனன்யா. வீட்டுக்காரர் டோரீன் ஆன்ட்டி மாடியில், நாங்கள் கீழே. ஆன்ட்டி தங்கமான மனுஷி. ஆனால் வீடு காட்டும்போதே கறாராகச் சொல்லிவிட்டார். "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது ஹரிஷ். ஓட்டை போட்டா அட்வான்ஸ்ல பிடிச்சுப்பேன்." பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய மிரட்டல் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை, ரொம்ப நாள் ஆசைப்பட்ட ஹோம் தியேட்டரை வாங்கி வந்தேன். எஸ்.பி. ரோடில் ஸ்பீக்கர் வயரும் ஒரு பெரிய கட்டு வாங்கினேன். டிவி பக்கத்து ஸ்பீக்கர்களை மாட்டுவது சுலபம். சோபாவுக்குப் பின்னால் வைக்க வேண்டிய இரண்டுதான் தலைவலி. தரையில் வயரை விட்டால் அனன்யா தடுக்கி விழுவாள். சுவரில் கிளிப் அடித்தால் ஆன்ட்டி என்னை அடிப்பார்.

டிவியை நகர்த்தியபோதுதான் அந்த ஓட்டையைப் பார்த்தேன். பக்கவாட்டுச் சுவரில், இடுப்பு உயரத்தில், சுண்டுவிரல் நுழைகிற அளவு. பழைய ஓட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறை. அதன் கதவு சோபாவுக்குப் பின்னால் இருக்கிறது. இதில் வயரை விட்டு, கட்டிலுக்கு அடியில் கொண்டுபோய், கதவு வழியாக வெளியே எடுத்துவிடலாம். புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பக்கம் ஓட்டை எங்கே வருகிறது என்று எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

"தீபி, நான் இங்கேருந்து நுழைக்கிறேன். நீ அந்தப் பக்கம் இழு."

"பாப்பாவுக்கு ஜலதோஷம். தூங்க வச்சிட்டிருக்கேன். அப்புறமா கூப்பிடுங்க, இழுக்கிறேன்."

வெளியே நல்ல மழை. நான் டிவிக்குப் பின்னால் குந்திக்கொண்டு முன் ஸ்பீக்கர்களை மாட்டி முடித்தேன். சோதித்துப் பார்க்க ஒரு பட்டனை அழுத்த வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் மாறி மாறி 'ஸ்ஸ்ஸ்...' என்று சத்தம் வரும். கொஞ்சம் அதிகமாகவே வைத்தேன். புதுப் பொருள் இல்லையா.

இடது பக்கம் ஸ்ஸ்ஸ்... நடுவில் ஸ்ஸ்ஸ்... வலது பக்கம் ஸ்ஸ்ஸ்...

மணி ஏழே முக்கால். வயரை ஓட்டைக்குள் நுழைத்தேன்.

"தீபி, இழு."

உடனே வயர் நகர்ந்தது.

சரக்... சரக்...

செங்கல்லில் உரசிக்கொண்டு மெதுவாக உள்ளே போனது. கட்டைப் பிரித்துப் பிரித்து விட்டேன்.

"வேகமா இழுக்காத. மேல் தோல் உரிஞ்சிடும்."

வேகம் குறைந்தது. பரவாயில்லையே, இன்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்கிறாளே என்று சிரித்துக்கொண்டேன்.

"போதும், நிறுத்து."

நின்றது.

பிறகு ஒரு வெட்டு இழுப்பு. இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

"விளையாடாத தீபி."

மறுபடியும் இழுத்தது. இந்தத் தடவை உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. வலித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வயரைக் கையில் சுற்றிப் பிடித்து நானும் இழுத்தேன். அந்தப் பக்கம் இழுத்த பலம்... அது தீபிகாவின் பலம் இல்லை.

அப்போதுதான் வாசலில் கேட் சத்தம்.

கிறீச்... டங்.

"ஏங்க, கதவத் திறங்க. நனையுறேன்."

தீபிகாவின் குரல். வெளியிலிருந்து.

நான் அசையவில்லை. வயர் இன்னும் என் கையில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

ஸ்ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்...

சரக்...

வயரைப் போட்டுவிட்டு எழுந்தேன். ஸ்பீக்கர் ஒன்று சாய்ந்து விழுந்தது. உள்ளே என் பிள்ளை தனியாக இருக்கிறாள். அந்த ஒன்றுதான் மண்டையில் ஓடியது.

படுக்கையறையில் இருட்டு.

சுவிட்சைத் தட்டினேன்.

யாரும் இல்லை.

அனன்யா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது. நெஞ்சு குழி விழுந்து குழி விழுந்து எழும்பியது. உதடு நீலம். அழக்கூட மூச்சு இல்லை.

அள்ளிக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்தால் தீபிகா. கையில் மருந்துக்கடைப் பை. அவளும் அப்படியே திரும்பி ஓடி வந்தாள். மூலையில் ஓர் ஆட்டோ. "பேக, பேக ஹோகி", சீக்கிரம் போங்கள் என்று கன்னடத்தில் கத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. நர்சிங் ஹோமில் முகத்தில் மாஸ்க்கை வைத்து மருந்துப் புகை கொடுத்தார்கள். அரைமணி நேரம் கழித்து அவள் "அப்பா" என்றாள். நான் உட்கார்ந்து அழுதேன்.

"முன்னாடி வீசிங் வந்திருக்கா?" டாக்டர் கேட்டார்.

"இல்ல சார். இதுதான் முதல் தடவை."

"நல்ல வேளை, உடனே கவனிச்சீங்க."

நான் எங்கே கவனித்தேன்? சொன்னால் யார் நம்புவார்கள்?

தீபிகா சொன்னது இதுதான். "மருந்து வாங்கப் போறேன், பாப்பாவப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுத்தான் போனேன். அந்த சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

மறுநாள் காலை வீட்டுக்கு வந்தேன். ஹாலில் வயரின் வால் மட்டும் வெளியே கிடந்தது. மீதி சுவருக்குள். பிடித்து இழுத்தேன். தடையே இல்லாமல் வந்தது, முழுவதும். நுனிப் பக்கம் மட்டும் இறுக்கமாகச் சுருண்டிருந்தது. யாரோ கையில் சுற்றிப் பிடித்திருந்த மாதிரி.

படுக்கையறைக்குப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தேன். மொழுக்கென்று இருந்தது. ஓட்டையே இல்லை. திரும்பி வந்து ஹால் பக்கத்திலிருந்து ஸ்குரூ டிரைவரை விட்டேன். பாதிகூடப் போகவில்லை.

டக்.

சிமென்ட்.

மாடிக்கு ஏறினேன். ஓட்டை என்று சொன்னதுமே டோரீன் ஆன்ட்டியின் முகம் வெளுத்துவிட்டது.

"அது எங்க மாமியாருக்காகப் போட்டதுப்பா. கீழ அந்த ரூம்லதான் படுத்திருந்தாங்க. ஆஸ்துமா. கூப்பிடக் குரல் வராது. ஒரு கயித்த அந்த ஓட்டையில விட்டு, ஹால்ல மணி கட்டியிருந்தோம். இழுத்தா ஓடுவோம்." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அவங்க போன அன்னைக்கு டிவில கிரிக்கெட். வீடு பூரா ஆளுங்க. மணி சத்தம் யாருக்கும் கேக்கல. போய்ப் பாத்தப்ப கயிறு கையில சுத்தியிருந்துச்சு. அந்த வாரமே அந்தப் பக்கம் சிமென்ட் வச்சு அடைச்சோம்."

அந்த மாதமே காலி பண்ணினோம். அந்த அம்மாதான் நம் பிள்ளையைக் காப்பாற்றினார் என்று தீபிகா இன்றைக்கும் சொல்வாள். எனக்கு அப்படி நினைக்கத் தைரியம் இல்லை. அனன்யாவுக்கு அதற்குப் பிறகு ஒரு தடவைகூட மூச்சுத் திணறல் வந்ததில்லை. அந்த ஒரு நாள், அந்த அறையில் மட்டும் ஏன் வந்தது? யாருடைய மூச்சுத் திணறல் அது?

சாவி கொடுக்கும்போது ஆன்ட்டி அட்வான்ஸில் ஒரு பைசா பிடிக்கவில்லை. கேட் வரைக்கும் கூடவே வந்தார்.

"இதச் சொல்லாம இருந்தா எனக்குத் தூக்கம் வராதுப்பா. உங்களுக்கு முன்னாடி இருந்தவங்களுக்கும் ஒரு பொண்ணு. அதே ரூம். அவங்களும் அப்போ ஹால்லதான் உக்காந்திருந்தாங்க."

"என்ன ஆச்சு ஆன்ட்டி?"

அவர் அனன்யாவைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"மூச்சுத் திணறித்தான் போயிட்டா. காலையிலதான் தெரிஞ்சுது. இழுக்கறதுக்கு அன்னைக்கு அந்த ஓட்டையில ஒண்ணும் இல்லையே..."

நான் அனன்யாவைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினேன். அந்தத் தெருப் பக்கம் அப்புறம் போகவே இல்லை.