நீலத்திரைக்கு நாள் பார்த்த கதை

என் கணினிக்கு மரியாதை தெரியும். சாவதற்கு முன் திரை முழுவதையும் நீலமாக்கி, ஒரு சோக முகத்தைப் போட்டு, உங்கள் கணினியில் சிக்கல் ஏற்பட்டிருக்கிறது என்று அறிவித்துவிட்டுத்தான் சாகும். சிக்கல் அதனுடையது, 'உங்கள்' மட்டும் என்னுடையது. பிறகு நூறு சதவீதம் வரை பொறுமையாக எண்ணும். எண்ணி முடித்ததும் ஒன்றுமே நடக்காததுபோல எழுந்து கடவுச்சொல் கேட்கும். வீட்டில் பெரிய சண்டை போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வந்து காபி கேட்கும் ஆண்களின் அதே முகபாவம்.

அதை நானே பாகம் பாகமாக வாங்கிக் கட்டினேன். பெங்களூரில் உள்ள ஒரு கட்டட வடிவமைப்பு நிறுவனத்தில் எனக்கு வேலை. கட்டப்போகும் கட்டடத்தின் மாதிரியைக் கணினியில் திறந்து, தண்ணீர்க் குழாய் எங்காவது தூணைத் துளைத்துக்கொண்டு போகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். போகும். எப்போதும் போகும். வலுவான சொந்தக் கணினி இருப்பவர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், மற்றவர்கள் அலுவலகத்துக்கு வர வேண்டும் என்பது அங்கே விதி. நான் ஏற்கெனவே பெங்களூர் மகளிர் விடுதி ஒன்றில் ஒரு வருடம் இருந்து பார்த்தவள். மூன்று பேருக்கு ஒரு அறை, ஒரு ஜன்னல், சாம்பார் என்ற பெயரில் ஒரு சர்க்கரைக் கரைசல். ஸ்ரீரங்கத்து ஃபிளாட்டில் எனக்கென்று ஓர் அறையும் கதவும் உட்புறத் தாழ்ப்பாளும் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் இந்தக் கணினி.

அது கூட்டத்தின் நடுவில் மூன்றாவது முறையாக நீலமானபோது எங்கள் குழுத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். சேலத்துக்காரர். கோபத்தையும் கனிவாகவே சொல்வார்.

"வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு கிளையன்ட்டுக்கு முழு மாடலையும் நீங்கதான் ஓட்டிக் காட்டணும். அதுல விழாம நின்னுச்சுன்னா சரி. இல்லன்னா திங்கக்கிழமைலேர்ந்து இங்க வந்துடுங்க. உங்களுக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

என் நிம்மதியின் முகவரியை அவருக்கு யாரோ தப்பாகக் கொடுத்திருக்கிறார்கள். சாப்பிடும்போது வீட்டில் சொன்னேன். "மணப்பாறை முறுக்கு ரெண்டு பாக்கெட் வாங்கி வெச்சுடறேன், ஹாஸ்டல்ல உதவும்" என்றாள் அம்மா. கெட்ட செய்திக்கு முன்பே மூட்டை கட்டத் தொடங்குவது அவள் வழக்கம். அப்பா ரசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வையம்பட்டியில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஸ்ரீரங்கத்தில் குடியேறியவர். அங்கே இருந்தவரை எதற்கும் வானத்தைப் பார்ப்பார், இங்கே வந்தபின் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார். எதிர்வீட்டு மாமாவும் மாமியும் தலைமுறை தலைமுறையாகப் பெருமாளுக்குப் பக்கத்திலேயே இருப்பவர்கள். அவர்களே ராகுகாலத்தில் கறிகாய் வாங்கப் போகிறார்கள். அப்பா லிஃப்டில்கூட ஏற மாட்டார். ஒரு கட்சியில் புதிதாகச் சேர்ந்தவர்தான் கொடியை உயரமாகப் பிடிப்பார்.

கணினியைக் கட்டிய வாரமே இதில் ஓர் உரசல் வந்தது. பெட்டி, பலகை, ரேம் எல்லாம் வந்துவிட்டன. பிராசஸர் மட்டும் வரவில்லை.

"புதன்கிழமை ரொம்ப நல்ல நாள்மா. அன்னைக்கே ஆன் பண்ணிடு" என்றார் அப்பா.

"மூளை இன்னும் வரலப்பா. சனிக்கிழமைதான் வரும்."

"சனிக்கிழமை வேணாமேம்மா. மூளை இல்லாம சும்மா ஆன் மட்டும் பண்ணிட்டு நிறுத்த முடியாதா?"

"மூளை இல்லாம ஆன் ஆகுறது மனுஷங்க மட்டும்தாம்ப்பா."

"யாரச் சொல்றா?" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து.

அப்பா "சரிம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் ஒரே பேச்சில் சரி சொன்னது என் நினைவில் அதுதான் முதல் தடவை. அந்த நல்ல புதன்கிழமையில் நானும் அம்மாவும் மணப்பாறைக்கு ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். சனிக்கிழமை பிராசஸர் வந்ததும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பூட்டினேன். ரேம் பட்டைகள் இரண்டு. ஒன்று பளபளப்பான சாம்பல் நிறக் கவருக்குள் இருந்தது. இன்னொன்று கவரில்லாமல் வெறுமனே அட்டைப்பெட்டியில் கிடந்தது. கடைக்காரரின் அலட்சியம் என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டு மாட்டினேன். இரண்டு நாள் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் முதல் நீலம்.

பதற்றம் வந்தால் நான் பட்டியல் போடுவேன். எளிதானது முதலில், கடினமானது கடைசியில். டிரைவர் மென்பொருள்களைப் புதுப்பித்தேன். விண்டோஸை அழித்து மறுபடி நிறுவினேன். சூடு ஏறுகிறதா என்று பார்த்தேன். திருச்சி வெயிலில் என்னைவிட அது குளிர்ச்சியாக இருந்தது. இதற்கிடையில் நான் பட்டியலில் சேர்க்காத யோசனைகளும் தாமாக வந்து சேர்ந்தன. வாங்கிய கடைக்காரர், "விண்டோஸ் மாத்திப் பாருங்க" என்றார். மாற்றிவிட்டேன் என்றேன். "இன்னொருக்கா மாத்திப் பாருங்க" என்றார். எடமலைப்பட்டி புதூரில் இருக்கும் சித்தப்பா, "கேம் ஏதாவது விளையாடுறியா?" என்று கேட்டார். எனக்கு இருபத்தாறு வயது என்பதை நினைவுபடுத்தினேன். "அதான் கேக்குறேன்" என்றார். அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தைச் சுற்றி வாசலில் நசுக்கினாள். அன்று மாலை மட்டும் அது சாகவில்லை. அம்மா அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

உண்மையில் துப்பு திரையிலேயே இருந்தது. நீலத்திரையின் அடியில் காரணம் என்று ஒரு வரி வரும். என்னுடையதில் ஒவ்வொரு முறையும் வேறு காரணம் வந்தது. பள்ளிக்கு மட்டம் போடும் பையன் ஒரு நாள் வயிற்று வலி, ஒரு நாள் தாத்தா செத்துப்போனார் என்று மாற்றிச் சொன்னால், வியாதி வயிற்றிலும் இல்லை, தாத்தாவிடமும் இல்லை. கணினியில் இப்படிக் கதை மாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரேமை. வேலை நடக்கும்போது எல்லாவற்றையும் எழுதிவைக்கும் சிலேட்டு அது. சிலேட்டே கோணல் என்றால் எழுதியது எதுவாக இருந்தாலும் கோணல்தான். விண்டோஸில் உள்ள குறுகிய சோதனையை ஏற்கெனவே நடத்தி, குறை இல்லை என்ற சான்றிதழும் வாங்கியிருந்தேன். வியாழக்கிழமை விடுப்பெடுத்து நீண்ட சோதனையை ஓட்டினேன், ஒரு நேரத்தில் ஒரு பட்டை மட்டும் மாட்டி. முதல் பட்டையில் ஒரு பிழையும் இல்லை. இரண்டாவதில் திரை முழுவதும் சிவப்பு.

ஒரே நிறுவனம், ஒரே பெட்டி, ஒரே நாளில் வாங்கியவை. ஒன்று மட்டும் ஏன் இப்படி? யோசித்துக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு மாமி உள்ளே வந்தாள். கையில் பளபளப்பான சாம்பல் நிறக் கவர்.

"ஏண்டிம்மா, இது உங்காத்துக் கவர்தானே? ஏலக்காய் போட்டு வெச்சேன், வாசனை துளி போகலை. இன்னொண்ணு இருந்தா குடேன்."

அந்தக் கவர் ரேம் மாதிரியான பொருள்களை நிலைமின்சாரத்திலிருந்து காப்பாற்றுவதற்கு. ஏலக்காயையும் காப்பாற்றும் என்று எனக்குத் தெரியாது.

"இது எப்படி மாமி உங்ககிட்ட வந்துச்சு?"

"உங்கப்பாதான் கொண்டுவந்தார். நீயும் அம்மாவும் மணப்பாறை போன புதன்கிழமை, பரஸ்தானம் வெக்கணும்னு."

நல்ல நாளில் ஊருக்குக் கிளம்ப முடியாவிட்டால், பயணச் சாமானில் ஒன்றை மட்டும் அன்று வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைப்பதுதான் பரஸ்தானம். ஆள் வீட்டிலேயே இருந்தாலும் பயணம் அன்றே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிராசஸர் இல்லாத கணினிக்கு, ஒரு ரேம் பட்டையைக் கொண்டுபோய், அப்பா அதை வைத்திருக்கிறார்.

"பெருமாள்கிட்ட பிளாஸ்டிக்கோட வெக்கலாமான்னு தயங்கினார். சாத்தின பட்டு ஒரு துண்டு இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். என்ன பயபக்திங்கறே. தேய்ச்சுத் தேய்ச்சுத் தொடச்சு, அதுலயே சுத்தி வெச்சார்."

அப்பா கூடத்தில் செய்தித்தாளை உயர்த்திப் பிடித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

"தொடச்சீங்களாப்பா?"

"லேசாத்தாம்மா. அந்தத் தங்கப் பல்லு வரிசை மங்கலா இருந்துச்சு."

"எதால தொடச்சீங்க?"

"பட்டாலதான். கண்டதாலயும் தொடைப்பேனா?"

கண்ணாடித் தண்டைப் பட்டுத் துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் உண்டாகும் என்று பள்ளியில் எல்லோரும் படித்தோம். பட்டுத் துணியை வைத்துச் செய்யக்கூடிய வேறு காரியம் எதையும் அந்தப் பாடப்புத்தகம் சொன்னதாக நினைவில்லை. அப்பாவின் பட்டுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. தொழிற்சாலையிலேயே கோளாறாக வந்திருக்கலாம். ஆனால் இரண்டு பட்டைகளில் ஒன்றுதான் எதிர்வீட்டுக்குப் போய்வந்தது, அதுதான் கெட்டிருக்கிறது. இதற்கு மேல் நாகரிகமாகச் சொல்ல முடியாது.

மாமி இன்னும் முடிக்கவில்லை. "எங்காத்து மாமா அப்பவே சொன்னார். பரஸ்தானம் பிரயாணத்துக்குன்னா வெப்பா, மிஷினுக்கு யாராவது வெப்பாளோன்னு. வெச்சுட்டா கிளம்பியாகணுமாமே."

செய்தித்தாள் கீழே இறங்கியது. "யாருங்க மாமி கிளம்பணும்?"

"சாமான் யாருதோ அவாதான்."

அப்பா என்னைப் பார்த்தார். பெங்களூர் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. நான் அங்கே இருந்த அந்த ஒரு வருடத்தில், காலையில் 'சாப்பிட்டியா' என்று கேட்க அவர் என்னை அழைக்காத நாளே இல்லை. நான் சாப்பிட்டேன் என்று பொய் சொல்லாத நாளும் இல்லை.

"அதத் திருப்பி எடுத்துக்க ஏதாவது வழி இருக்குங்களா?" என்று கேட்டார்.

"மாமாவைக் கேட்டுச் சொல்றேன்" என்று மாமி ஏலக்காய்க் கவரோடு போனாள்.

கெட்ட பட்டையைக் கழற்றிவிட்டு நல்லதை மட்டும் வைத்து வெள்ளிக்கிழமையைச் சந்திப்பது என்று முடிவு செய்தேன். சிலேட்டு பாதியாகிவிடும், மாதிரி மெதுவாகத்தான் திறக்கும், ஆனால் பொய் சொல்லாது. காலையில் அப்பா கதவருகில் வந்து நின்றார்.

"பதினோரு மணியாம்மா? வெள்ளிக்கிழமை பத்தரைலேர்ந்து பன்னெண்டு ராகுகாலம். ஒன்றரைக்கு மாத்திக்கச் சொல்லக்கூடாதா?"

"கிளையன்ட் ஜெர்மனியில இருக்காங்கப்பா. அவங்க ஊர்ல ராகுகாலம் எப்பன்னு பாத்துச் சொல்லுங்க, பேசிப் பாக்குறேன்."

அவர் நிஜமாகவே பஞ்சாங்கத்தை எடுக்கப் போனார். நான் தாழ்ப்பாள் போட்டேன்.

மாதிரி திறப்பதற்குள் ஒரு டிகாக்ஷன் இறக்கியிருக்கலாம். அதுவரை கட்டடத்தின் வரலாற்றைச் சொல்லிச் சமாளித்தேன். கட்டப்படாத கட்டடத்துக்கு வரலாறு அதிகம் இல்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். திறந்தது. தளம் தளமாக இறங்கினேன். மூன்றாவது தளத்தில் ஒரு குழாய் தூணுக்குள் போனதைக் காட்டினேன். ஜெர்மன்காரர்கள் மகிழ்ந்தார்கள். திரை கடைசிவரை நீலமாகவில்லை.

"விழாம நின்னுடுச்சே" என்றார் குழுத் தலைவர் கடைசியில், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "சரி, அங்கேயே இருந்து பாருங்க."

கதவைத் திறந்தபோது அப்பா நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையை மட்டும் ஆட்டினேன். "ராகுகாலத்துலயா?" என்றார். மகிழ்வதா, பஞ்சாங்கத்துக்காக வருந்துவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

கெட்ட பட்டைக்கு வாரன்டி இருந்தது. கடைக்காரரிடம் பட்டுத் துணி உட்பட நடந்ததைச் சொன்னேன். "அதெல்லாம் எழுத இடம் இல்லீங்க. பொருள அனுப்புங்க, அவங்க பாத்துக்குவாங்க" என்று சர்வீஸ் சென்டரின் முகவரியைக் கொடுத்தார். பெங்களூர்.

அதைக் கேட்டதும் அப்பா எழுந்து எதிர்வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் அந்தக் கவர் இருந்தது. ஏலக்காயை மாமி டப்பாவில் கொட்டிக்கொண்டாளாம். "மாமாவைக் கேட்டுட்டேம்மா. வெச்ச சாமானே போனா பிரயாணம் போனதுதானாம். வேற யாரும் போக வேணாமாம்."

மாமா இதை எந்த நூலில் பார்த்தார் என்று நான் கேட்கவில்லை. கெட்டுப்போன ரேம், ஏலக்காய் வாசனையோடு, உரிய கவரில், நல்ல நேரத்தில், அப்பாவின் கையாலேயே கூரியரில் பெங்களூருக்குக் கிளம்பியது. இந்த முறை அதன் ஓரத்தை மட்டும்தான் பிடித்தார்.

சில வாரங்கள் கழித்து மாற்றுப் பட்டை வந்தது. அப்பா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"இது போயிட்டுத் திரும்பி வந்ததா, வேறயா?"

"வேறப்பா. பழசை அவங்களே வெச்சுக்கிட்டாங்க."

"அப்ப அது அங்கேயே தங்கிடுச்சு" என்றார் திருப்தியாக. பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "அந்த ஹாஸ்டல் முறுக்கப் பிரிச்சிடலாம்" என்றார்.