மலையை இடப்பக்கம் வைத்து

வேங்கிக்காலில் இருக்கும் என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் நான் அதிகம் திட்டியது ஒரு மஞ்சள் வேனைத்தான். நடக்க முடியாத எட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் டீசல் வேன் அது. ஓட்டியவர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா. வாரத்தில் இரண்டு முறையாவது வேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று அணைந்துவிடும். ஓரங்கட்டி, இரண்டு நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

இப்படி வந்து வந்து போகும் கோளாறு என்றாலே எனக்கு மண்டை காயும். பட்டறைக்குள் நுழைந்ததும் நல்ல பிள்ளையாகிவிடும் வண்டியை என்னதான் செய்வது? லேப்டாப்பை மாட்டிப் பார்த்தேன். கிராங்க் சென்சாரிலிருந்து தகவல் வரவில்லை என்று பதிவாகியிருந்தது. இஞ்சின் சுழலும்போது உள்ளே ஒரு சக்கரத்தின் பற்களை எண்ணிக்கொண்டே இருப்பது அந்தச் சென்சார். எண்ணிக்கை விட்டுப்போனால் வண்டியின் கம்ப்யூட்டர் டீசலை நிறுத்திவிடும். புது சென்சார் போட்டேன். நாலாம் நாள் அக்காவிடமிருந்து போன்.

"இன்னா தம்பி, திரும்பவும் நின்னுடுச்சு. பின்னாடி வந்த லாரிக்காரன் ஒரு அடியில பிரேக் போட்டான். புள்ளைங்கல்லாம் அழுதுட்டாங்க."

அன்றைக்கே பெற்றோர்கள் கூடிப் பேசிவிட்டார்கள். இன்னும் ஒரு தடவை நடுரோட்டில் நின்றால் பிள்ளைகளை அனுப்ப மாட்டார்களாம். வேறு வண்டி கிடையாது. அனுப்பாவிட்டால் எட்டுப் பேரும் நாள் முழுக்க வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

"காலையில போறப்ப நிக்கிறதே இல்ல, சாயங்காலம் திரும்புறப்பதான் நிக்குது" என்று அக்கா முதல் நாளே சொல்லியிருந்தார். நான் பெரிய மேதாவி அல்லவா, "வெயில்ல ஜாஸ்தி சூடாவுதுக்கா" என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். ஒவ்வொரு ஒயரையும் சூடேற்றிப் பார்த்தேன். உச்சி வெயிலில் மலையை மூன்று சுற்று சுற்றினேன். எங்கள் ஊரில் வண்டியை ஓட்டிச் சோதிப்பது கிரிவலப் பாதையில்தான். வண்டியையும் பார்த்த மாதிரி, சாமியையும் கும்பிட்ட மாதிரி. மூன்று சுற்றிலும் வண்டி ஒரு தடவைகூடத் திணறவில்லை.

கடைசியில் வேறு வழியில்லாமல், தினமும் போகும் வழியை அக்காவிடம் கேட்டேன். பிள்ளைகளின் வீடுகள் மலைக்குப் பின்பக்கம். காலையில் மலையை வலப்பக்கம் வைத்து ஊருக்குள் வருவார். மாலையில் அதே ரோட்டில் திரும்புவார். அப்போது மலை இடப்பக்கம். கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சுற்றிய மூன்று சுற்றும் வலம். யோசித்துச் செய்ததில்லை, என் கை ஸ்டியரிங்கைத் தானாகவே அந்தப் பக்கம்தான் திருப்பும். அப்படிப் போனால் ரோடு பெரும்பாலும் வலப்பக்கமே வளையும்.

"அக்கா, எதிர்ப்பக்கமா ஒரு முழு சுத்து போய்ப் பார்க்கணும்."

"வேலையா போறது வேற தம்பி. வேணும்னே சாமிய எதிர்ல சுத்தறதா?" அக்கா மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு, "எதுக்குப் போறோம்னு அவருக்குத் தெரியாதா? ஏறுங்க" என்றார்.

அக்கா ஓட்டினார். நான் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இடப்பக்கம் நீளமாக ஒரு வளைவு வந்தது. திரையில் இஞ்சின் வேகம் சட்டென்று பூஜ்யமானது. வேன் அணைந்தது. "நின்னுடுச்சுக்கா!" என்று நான் சந்தோஷத்தில் கத்தினேன். அக்கா முறைத்தார்.

பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தேன். சென்சாருக்குப் போகும் ஒயரைப் பிடித்திருந்த கிளிப் உடைந்திருந்தது. இடப்பக்கம் வளையும்போதெல்லாம் ஒயர் வெளிப்பக்கம் ஆடி, ஒரு இரும்புத் தகட்டின் விளிம்பில் உரசியிருக்கிறது. அரிசி அளவுக்குத் தோல் போயிருந்தது, அவ்வளவுதான். அந்த இடம் தகட்டில் படும்போதெல்லாம் தகவல் அறுந்திருக்கிறது. வண்டி நின்றதும் ஒயர் பழைய இடத்துக்கு வந்துவிடும். பூ கட்டும் நூலைவிடக் கொஞ்சம் தடிமன் அந்த ஒயர். நொடிக்கு நூற்றுக்கணக்கான பற்களின் கணக்கு, ஒன்றுகூடத் தவறாமல், அதற்குள்ளேதான் போய்க்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் அத்தனை எடையும் எட்டு உயிர்களும் ஓடின. இருபது வருடமாகப் பார்க்கிற வேலைதான். ஆனாலும் எனக்கு மெய்சிலிர்த்தது. ரோட்டோரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

ஒயரை மாற்றி, உறை போட்டு, புதுக் கிளிப்பில் இறுக்கினேன். மறுநாள் மாலை, மனசு கேட்காமல் நானும் வேனில் ஏறிக்கொண்டேன். உள்ளே ஒரே கூச்சல். ரோடு வலப்பக்கம் வளைந்தபோதும் கூச்சல் அடங்கவில்லை. இடப்பக்கம் வளையத் தொடங்கியதும் சட்டென்று பேச்சு நின்றது. எட்டுப் பேரும் முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள். வளைவு முடிந்ததும் விட்டார்கள். அடுத்த இடப்பக்க வளைவிலும் அப்படியே. லேப்டாப்புக்குத் தெரியாதது அந்தக் கைகளுக்கு எத்தனை நாளாகத் தெரிந்திருக்கிறது! இந்தப் பிள்ளைகளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட ஆச்சரியமாக இருந்தது.

முதல் வீட்டு வாசலில், அனுப்ப மாட்டேன் என்று எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்ன அம்மா நின்றிருந்தார். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த இஞ்சினைக் கொஞ்ச நேரம் கவனித்தார்.

"நாளைக்கும் எட்டு மணிக்குதானே வருவீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஏழு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள்: "எட்டு மணிக்கு!"