சீமாட்டியின் மாளிகையும் என் கிணற்றுப் பங்கும்

ஸ்காபரோவில் நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஓர் ஆங்கிலேயச் சீமாட்டி இருக்கிறார். குளிக்க வார்க்கும்போதெல்லாம் அவரது பரம்பரைக் கதையைக் கேட்டாக வேண்டும். எந்த அரசன் நிலம் கொடுத்தான், எந்தப் பாட்டன் ஏரி வெட்டினான், வரி கட்ட முடியாமல் தகப்பன் மாளிகையை எப்படி விற்றார், எல்லாம் எனக்கு மனப்பாடம். இப்போது அங்கே ரிக்கெற் எடுத்து யாரும் சுற்றிப் பார்க்கலாமாம். அதன் வாசலில் நின்று பேத்தி எடுத்த படம் கட்டில் தலைமாட்டில் தொங்குகிறது.

நேற்றுத் தலை துவட்டும்போது, "வீட்டை இழப்பதென்றால் என்னவென்று உனக்கு விளங்காது" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு துவட்டி முடித்தேன்.

சாப்பாட்டு அறையில், கூட வேலை செய்யும் பிள்ளையிடம் கொட்டித் தீர்த்தேன். "விடுங்கோ அக்கா, வயசுபோன மனிசி, பாவம்" என்றாள்.

பாவமாம்! ஊரில் எங்கள் காணியின் உறுதிப் பத்திரம் என் அலுமாரியில் இருக்கிறது. நான்கு எல்லைகளோடு, பொதுக் கிணற்றில் எட்டில் ஒரு பங்கும், அங்கே போய்வரும் வழியும்கூட அதில் எழுதியிருக்கிறது. அந்தக் கிணற்றில் இன்றைக்கும், எங்கள் காணியைப் பிடித்து முகாம் போட்டிருக்கும் ஆமிக்காரர்தான் குளிக்கிறார்கள்.

"போன வருசம் நானும் என்ரை வீட்டுக் கேற்றடியிலை நிண்டு ஒரு படம் எடுத்தனான்," என்றேன். "ஆமிக்காரர் போனைப் பறிச்சு, படத்தை அழிச்சுப்போட்டுத்தான் என்னை விட்டவங்கள்."