வெயிலில் வைத்த நான்கு பேட்டரிகள்

என் மேசை இழுப்பறையில் விரல் நீளத்தில் நான்கு பேட்டரிகள் கிடக்கின்றன. திரும்பத் திரும்ப சார்ஜ் போடக்கூடியவை. இரண்டில் பச்சை உறை உரிந்துவிட்டது. இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் எறிந்துவிடலாமென்று கையில் எடுப்பேன்; பிறகு எரிச்சலோடு உள்ளே போட்டு மூடிவிடுவேன். எரிச்சல் பேட்டரிகள் மேல் இல்லை.

கொட்டகலைப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் எனக்கு, விடுமுறையில் நண்பர்களோடு மலையேறிக் கூடாரம் அடிக்கும் பைத்தியம் உண்டு. அதற்காகவே மடித்து வைக்கக்கூடிய சோலார் தகடு ஒன்றும், அதில் செருகும் சார்ஜரும், இந்தப் பேட்டரிகளும் வாங்கியிருந்தேன். பொகவந்தலாவைக்கு மேலே, தங்கை வாழ்க்கைப்பட்ட தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வீடுகள் வரிசையாய் நிற்கும் லயத்துக்குப் பின்னால் மழையில் மண் வெடித்து, எல்லாக் குடும்பங்களையும் மைதானத்துக் கூடாரங்களுக்கு மாற்றியபோது அந்தப் பையையும் தூக்கிக்கொண்டு போனேன். நான் ஆசைக்குப் படுத்த கூடாரத்தில் அவர்கள் வேறு வழியில்லாமல் கிடந்தார்கள். கரண்ட் இல்லை. ரோடு சரிந்துவிட்டதால் கடைக்கும் போக முடியாது. தங்கைக்கு எட்டாவது மாதம். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

மிட்வைப் மிஸ் மழையில் நடந்தே வந்து பார்த்தார். பிரஷர் பார்க்கும் மெஷினை என் கையில் கொடுத்து, "காலையிலயும் சாயங்காலமும் பாருங்க சேர். மேல் நம்பர் நூத்தி நாப்பதத் தாண்டிச்சுன்னா எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க, தூக்கிக்கிட்டு கீழ வந்துருங்க" என்றார். அதில் இருந்த பேட்டரிகள் அன்றே தீர்ந்தன. என்னுடைய நான்கையும் போட்டேன். ஈரப் பாதையில், வழுக்கும் சரிவில், வயிற்றுப்பிள்ளைக்காரியைக் கம்பளியில் கட்டித் தூக்கிப்போவது விளையாட்டுக் காரியமில்லை. சும்மா கிளம்பவும் பயம், கிளம்பாமல் இருக்கவும் பயம். அந்த நம்பர் தெரிந்தாக வேண்டும்.

மூன்றாம் நாள் காலை மெஷின் எழும்பவில்லை. அன்று அதிசயமாக வெயில் எட்டிப் பார்த்தது. கீழே அரிசி மூட்டை இறக்க என்னைக் கூப்பிட்டார்கள். பையையும் பேட்டரிகளையும் தங்கையின் கணவரிடம் கொடுத்து, "இத வெயில்ல வச்சு சார்ஜ் போடுங்க மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அவர் ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் மெஷினில் வேலை செய்பவர். ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த நட்டு தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அவருக்கு நான் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். சார்ஜர் பெட்டிக்குள் இருந்த விளக்கத் தாளிலோ தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை.

மத்தியானம் திரும்பி வந்தேன். கூடாரத்துக்கு முன்னால் ஒரு தகரத் துண்டு. அதன்மேல் நான்கு பேட்டரிகளும் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. மாப்பிள்ளை பக்கத்தில் குந்தி, அப்பளம் திருப்புவதுபோல ஒவ்வொன்றையும் புரட்டிக்கொண்டிருந்தார். தகடு கூடாரத்துக்குள், மழை வந்தால் நனையக்கூடாதென்று, தங்கை கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கில் பத்திரமாகச் சுற்றப்பட்டிருந்தது. இரண்டு மணி நேர வெயில் வீணாகப் போயிருந்தது. மலையில் பனிமூட்டம் இறங்க ஆரம்பித்திருந்தது.

"மூளைன்னு ஒன்னு இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். மைதானமே திரும்பிப் பார்த்தது. கூடாரத்துக்குள்ளிருந்து தங்கையும் பார்த்தாள்.

"வெயில்ல வைக்கச் சொன்னீங்க மச்சான். ரேடியோ பேட்டரி எறங்குனா லயத்துல நாங்க இப்புடித்தான்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பேட்டரிகளைச் சார்ஜரில் போட்டு, வயரைத் தகட்டில் செருகிக் கொடுத்தேன், அதையும் வெடுக்கென்று. அவர் மைதானத்துக்கு மேலிருந்த பாறைக்கு ஏறினார். பனி எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கம் தகட்டைத் திருப்பி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். தூறல் விழுந்தால் சட்டைக்குள் வைத்துக்கொள்வார். விட்டதும் மறுபடி ஏந்துவார். மூன்று மணி நேரம் உட்காரவே இல்லை. பிறகு இறங்கி வந்து பேட்டரிகளை என்னிடம் நீட்டினார். மெஷின் ஒரே ஒரு தடவை வேலை செய்தது. நூற்று அறுபத்திரண்டு.

கம்பளியைக் கம்பில் கட்டி உடனே தூக்கினோம். கம்பின் முன்பக்கம் அவர் தோளில். பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். இன்னும் தாமதித்திருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார் டொக்டர். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். எல்லோரும் நான் கொண்டுபோன சோலாரைத்தான் புகழ்ந்தார்கள். மாப்பிள்ளையும் அதையே சொன்னார். நாற்பது பிள்ளைகளுக்குப் பின்னக்கணக்கைப் பத்துத் தடவை சலிக்காமல் சொல்லிக்கொடுக்கிற நான், அவருக்கு ஒரு வயரைக் காட்டிக்கொடுக்க ஒரு நிமிஷம் நிற்கவில்லை. நினைக்க நினைக்க என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

அன்று பிறந்தவளுக்கு இப்போது நான்கு வயது. போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, பாட்டு நின்றுபோன பொம்மையோடு அப்பாவிடம் ஓடினாள். என் பையில் கிடந்த இந்த நான்கு பேட்டரிகளையும் நான் அவரிடம் நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மாமாகிட்ட குடும்மா. அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது."

கோபமே இல்லை அந்தக் குரலில். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அன்றைக்குத் தப்பு என்னுடையது மாப்பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். பேட்டரிகளைப் போட்டேன், பொம்மை பாடவில்லை. பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள், அவரும் பார்த்தார்.

"பேட்டரி பழசாயிருச்சு" என்று மட்டும் சொல்லி, நான்கையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.